கறுப்பின்மேல் பூசிய கரி: பெர்ட் வில்லியம்ஸின் அரங்க வாழ்வு

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. முன்னதை நாள்தோறும் எங்கும் காண்கிறோம். பின்னது அரிது. தன்னை இழித்துப் பேசுவோர் நடுவே நின்று, அவ்விழிவையே ஆட்டத்தின் பொருளாகக் கொண்டு, அவர்களையும் நகைக்க வைத்துத் தானும் நகைப்பதற்கு எத்தகைய உள்ளம் வேண்டும்? அதனை எண்ணிப் பார்க்க விழைவோர்க்கு நியூயார்க் நகரத்து இசை நாடக மேடையில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த பெர்ட் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின நடிகரின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம்.

எக்பர்ட் ஆஸ்டின் வில்லியம்ஸ் என்பது அவருடைய முழுப் பெயர். 1874ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பஹாமாத் தீவுகளின் தலைநகரான நசாவில் பிறந்தார். சிறுவராக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, இறுதியில் கலிபோர்னியாவின் ரிவர்சைட் என்னும் ஊரில் தங்கிற்று. அங்கேயே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். நெடிய உடல், வெளிறிய நிறம், மெல்லிய பேச்சு. தீவினத்தவர் பேசும் ஆங்கிலமே அவருடைய தாய்மொழி. பின்னாளில் மேடையில் அவர் பேசிய தென்னமெரிக்க மாநிலங்களின் கறுப்பினப் பேச்சை, அயல்மொழி ஒன்றைக் கற்பதுபோல் கேட்டும் பழகியுமே அவர் கற்க வேண்டியிருந்தது. இதனை மறந்துவிட்டு அவரை இயல்பான கோமாளி என்று புகழ்ந்தோர் பலர். இயல்பு என்று அவர்கள் கண்டது அனைத்தும் பயிற்சி.

அவர் காலத்து அமெரிக்க மேடையின் நிலையை இங்கே சிறிது விளக்கியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மின்ஸ்ட்ரெல் என்னும் ஆட்டவகை அங்கே தோன்றிவிட்டது. வெள்ளை நடிகர்கள் தக்கையை எரித்து எடுத்த கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, உதடுகளைப் பெரிதாகத் தீட்டிக்கொண்டு, சோம்பேறியாகவும் திருடனாகவும் மூடனாகவும் கறுப்பினத்தவரை நடித்துக் காட்டிப் பாடியாடும் ஆட்டம் அது. அடிமைமுறை ஒழிந்த பின்னர்க் கறுப்பினத்தவரும் மேடைக்கு வரத் தொடங்கினர். வந்தவர்களிடமும் மக்கள் எதிர்பார்த்தது அந்தக் கரி பூசிய முகத்தையே. கறுப்பர் ஒருவர் கறுப்பராக மேடையேற வேண்டுமானால், வெள்ளையர் கற்பனை செய்து வைத்த கறுப்பரின் முகமூடியை அணிந்தே ஏற வேண்டும் என்னும் விந்தையான விதி அன்று நிலவிற்று.

1893ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் வில்லியம்ஸ் ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார். வாக்கர் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரினர். குள்ளமானவர், துடிப்பானவர், அச்சமறியாதவர். இருவரும் ஒரு மின்ஸ்ட்ரெல் குழுவில் சேர்ந்து பிழைத்தனர். மறு ஆண்டு அந்நகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் ஆப்பிரிக்காவின் டகோமி நாட்டுச் சிற்றூர் ஒன்றை அமைத்துக் காட்ட ஏற்பாடு செய்திருந்தனர். டகோமி மக்கள் ஏறிவந்த கப்பல் குறித்த நாளில் வந்து சேரவில்லை. கண்காட்சி நடத்தியோர் உள்ளூர்க் கறுப்பினத்தவரைப் பிடித்துவந்து விலங்குத்தோல் உடுத்தி டகோமியராக நிறுத்தினர். அவ்வாறு நிறுத்தப்பட்டவர்களுள் வில்லியம்ஸும் வாக்கரும் இருந்தனர். உண்மையான டகோமியர் வந்ததும் போலிகளுக்கு வேலை போயிற்று. ஆயினும் இருவரும் அங்கே மீண்டும் மீண்டும் சென்று அம்மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் கண்டு நின்றனர். என்றேனும் ஒருநாள் ஆப்பிரிக்கப் பொருளை மேடையில் ஏற்ற வேண்டும் என்னும் எண்ணம் தங்களுக்கு அங்கேதான் பிறந்தது என வாக்கர் பிற்காலத்தில் எழுதினார். இழிவாக வந்த வாய்ப்பு ஒன்றிலிருந்து இவ்வளவு பெரிய கனவு முளைத்தது வியப்பே.

தொடக்கத்தில் வில்லியம்ஸ் நேர்வேடம் தாங்குபவர், வாக்கரே நகைச்சுவையாளர். டெட்ராய்ட் நகரத்து வொண்டர்லாண்ட் அரங்கில் ஒருநாள் விளையாட்டாக வில்லியம்ஸ் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒரு பாட்டைப் பாடினார். அரங்கம் அதிர்ந்தது. தம்மினும் வியந்தவர் எவருமில்லை என்றும், அன்றுதான் தம்மைத் தாமே கண்டுகொள்ளத் தொடங்கியதாகவும் அவர் கூறியுள்ளார். இக்கூற்றை எளிதாகக் கடந்துவிட இயலாது. கூச்சமுள்ள அவ்விளைஞருக்குக் கரி ஒரு திரையாக அமைந்தது. திரைக்குப் பின்னே நின்றபோது அவருடைய கலை விடுதலை பெற்றது. அதே திரை அவரை விட்டுப் பின்னர் நீங்கவே இல்லை. அன்று முதல் பாத்திரங்கள் இடம் மாறின. வாக்கர் பகட்டான உடையணிந்த நாகரிக இளைஞரானார். வில்லியம்ஸ் கிழிந்த கோட்டும் பெரிய செருப்பும் அணிந்து, எதைத் தொட்டாலும் துன்பத்தில் முடியும் அப்பாவி ஆனார்.

1896ஆம் ஆண்டில் இருவரும் நியூயார்க்கை அடைந்தனர். முதலில் கிடைத்த இசை நாடகம் ஒரு வாரம்கூட நன்கு ஓடவில்லை. ஆயினும் அதில் இவர்கள் தோன்றிய சிறு பகுதி பலர் கண்ணில் பட்டது. கோஸ்டர் அண்ட் பயல் என்னும் பல்சுவை அரங்கில் இடம் கிடைத்துப் பல வாரங்கள் தொடர்ந்து ஆடினர். தங்கள் குழுவை விளம்பரம் செய்தபோது, கறுப்பினத்தவரை இழிக்கும் வசைச்சொல்லையே எடுத்து, அதற்கு முன்னே உண்மையான என்னும் அடையைச் சேர்த்துத் தங்களை அழைத்துக்கொண்டனர். கரி பூசிய வெள்ளையர் போலிகள், நாங்களே அசல் என்பது அதன் உட்பொருள். வணிகத் தந்திரம் என்றும் சொல்லலாம், வழக்காடல் என்றும் சொல்லலாம்.

அந்நாளில் கேக்வாக் என்னும் ஆட்டம் இவர்களாலேயே நகரமெங்கும் பரவிற்று. பண்ணை முதலாளிமார் விருந்துகளில் விறைப்பாக நடந்து ஆடுவதைக் கண்ட அடிமைகள் அதனைப் பழித்துக் காட்டிய ஆட்டம் அது. சிறப்பாக ஆடிய இணைக்கு கேக் பரிசு என்பதால் அப்பெயர் பெற்றது. தங்களைப் பழிக்கவே பிறந்த ஆட்டம் என்பதை அறியாமல் செல்வர்களும் அதனைக் கற்கத் தலைப்பட்டனர். வாண்டர்பில்ட் குடும்பத்துப் பெருஞ்செல்வர் ஒருவர் கேக்வாக் ஆடியதாகச் செய்தி வந்தபோது, வில்லியம்ஸும் வாக்கரும் நன்றாக உடுத்திக்கொண்டு அவர் மாளிகைக்கே சென்று, ஐம்பது டாலர் பந்தயம் வைத்துப் போட்டிக்கு அழைத்துச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தனர். 1898இல் நடந்தது இது. நகரம் நகைத்தது.

நகரம் எப்போதும் நகைக்கவில்லை. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கில் இனக்கலவரம் மூண்டபோது, வெறிகொண்ட கூட்டம் தெருக்களில் கறுப்பின நடிகர்களைப் பெயர் சொல்லித் தேடிற்று. வில்லியம்ஸ், வாக்கர் என்னும் பெயர்களும் அவற்றுள் அடங்கும். வாக்கர் டிராம் வண்டியிலிருந்து இழுத்துத் தாக்கப்பட்டார். பெயர் தெரிந்தவர்கள் இவர்கள் மட்டுமே ஆதலால் கூட்டத்தின் நாவில் இவர்கள் பெயர்களே வந்தன. புகழ் என்பதன் பொருள் கறுப்பினக் கலைஞர்க்கு அவ்வாறும் இருந்தது.

அவர்களுடைய கனவு 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நிறைவேறிற்று. பிராட்வேயின் நியூயார்க் தியேட்டரில் இன் டகோமி என்னும் இசை நாடகம் அரங்கேறியது. இசை வில் மரியன் குக். கதை ஜெஸ்ஸி ஷிப். பாடல்கள் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பர். எழுதியவரும் இசையமைத்தவரும் நடித்தவரும் கறுப்பினத்தவராகவே அமைந்த முழுநீள இசை நாடகம் ஒன்று பிராட்வேயின் பெரிய அரங்கில் நடைபெற்றது அதுவே முதன்முறை. அமெரிக்கக் கறுப்பினத்தவரை டகோமியில் குடியேற்ற நினைக்கும் ஒரு கூட்டத்தையும், தொலைந்த வெள்ளிப் பேழையைத் தேடும் இரண்டு போலித் துப்பறிவாளரையும் சுற்றிக் கதை சுழலும். கதையைவிட ஆட்டமும் பாட்டுமே அதில் மிகுதி. அரங்கினுள் கறுப்பினப் பார்வையாளர்க்கு மாடத்தில் மட்டுமே இடம். இனப்போர் மூளுமோ என நாளேடுகள் ஐயுற்றன. அப்படியொன்றும் நிகழவில்லை; 53 காட்சிகள் நடைபெற்றன. தங்கள் இனத்தார் ஆடும் நாடகத்தைத் தங்கள் இனத்தார் தரையமர்ந்து காண வழியில்லாத அரங்கில் அவர்கள் வெற்றி கண்டனர் என்பதனையும் சேர்த்தே அவ்வெற்றியை அளக்க வேண்டும்.

அவ்வாண்டு மே மாதம் குழு லண்டன் சென்றது. ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் நாடகம் நெடுநாள் ஓடிற்று. ஜூன் 23ஆம் நாள், அரச குடும்பத்துச் சிறுவர் ஒருவரின் பிறந்தநாளை ஒட்டி, பக்கிங்காம் அரண்மனைத் தோட்டத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் முன்னிலையில் ஆடிக்காட்டினர். மறு ஆண்டில் வில்லியம்ஸ் எடின்பரோ நகரத்து ஃப்ரீமேசன் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். அமெரிக்காவின் வெள்ளையர் சங்கங்களில் அவருக்கு அந்த இடம் கிடைத்திராது.

நாடு திரும்பிய பின்னர் அவருக்கென்றே அமைந்தது நோபடி என்னும் பாட்டு. சொற்கள் அலெக்ஸ் ராஜர்ஸ் எழுதியவை, இசை வில்லியம்ஸுடையது. துன்பம் வந்தபோது துணைக்கு வந்தவர் யார் எனத் தன்னைத்தானே கேட்டு, ஒருவருமில்லை என விடை கூறிக்கொள்ளும் ஒருவனின் பாட்டு அது. அவர் அதனைப் பாடினார் என்பதைவிடப் பேசினார் என்பதே பொருந்தும். மேடையில் தயங்கித் தயங்கி வருவார். கோட்டுப் பையிலிருந்து சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுப்பார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுவார். தேடிக் கிடைத்த பின்னரே, விருப்பமில்லாதவர்போல் தொடங்குவார். 1906ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் அதனை இசைத்தட்டில் பதிந்தது. விக்டர் நிறுவனத்திற்காக 1901ஆம் ஆண்டிலேயே குரல் கொடுத்த முன்னோடி அவர். தட்டுகள் பெருவாரியாக விற்றன. எந்த மேடைக்குச் சென்றாலும் அப்பாட்டையே கேட்டு மக்கள் வற்புறுத்தியதால், காலப்போக்கில் அது அவருக்குச் சலித்தது. வெற்றி பெற்ற ஒவ்வொரு கலைஞரும் அறிந்த சலிப்புத்தான். ஆனால் தனிமையைப் பாடும் பாட்டை ஆயிரம் முறை பாடவேண்டிவந்தவரின் சலிப்பு வேறுவகையது.

தொல்காப்பியர் அழுகைக்கு வகுத்த நிலைக்களன்களுள் முதலாவது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியனாதலே இளிவு என்பர். எள்ளப்படுவதில் நகையும் பிறக்கலாம், இகழப்படுவதில் அழுகையும் பிறக்கலாம் என்னும் இவ்விரண்டு வரையறைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில்தான் வில்லியம்ஸின் கலை நின்றது.

1906இல் அபிசீனியா, 1908இல் பண்டானா லாண்ட் என அடுத்தடுத்து நாடகங்கள் வந்தன. அபிசீனியாவில் மேடைமீது உயிருள்ள ஒட்டகங்கள் நடந்தன. அந்நாடகத்தில் வில்லியம்ஸ் திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டு மெனலிக் மன்னன் முன் நிற்பார். மணி மூன்று முறை ஒலித்தால் கை போகும். நான்காம் முறையும் ஒலித்தால் விடுதலை. மூன்றாம் ஒலிக்கும் நான்காம் ஒலிக்கும் இடையே ஒரு சொல்லும் பேசாமல் முகத்தால் மட்டும் அவர் நடித்ததை மக்கள் மூச்சடக்கிக் கண்டனர்.

இந்நாடகங்களின் பின்னே இருந்த போராட்டத்தை நடத்தியவர் பெரும்பாலும் வாக்கரே. முதல்தர அரங்கு வேண்டும், பெரிய இசைக்குழு வேண்டும், விலையுயர்ந்த உடை வேண்டும் என்று முதலாளிகளிடம் சண்டையிட்டவர் அவர். நடனங்களை அமைத்தவர் அவர் மனைவியார் எய்டா ஓவர்டன் வாக்கர். வில்லியம்ஸ் ஒதுங்கியிருந்து நூல்கள் படிப்பார், புகைப்பார், ஒத்திகைக்கு வருவார். 1908இல் கறுப்பின நாடகக் கலைஞர்கள் சேர்ந்து, அரிஸ்டோஃபனீஸின் நாடகப் பெயரைத் தழுவித் தவளைகள் என்னும் சங்கத்தை நிறுவியபோது, தலைவராக அமர்ந்தவரும் வாக்கர்தான். இவ்விருவரையும் ஒப்பிடுவோர் வாக்கரைப் போராளியாகவும் வில்லியம்ஸைப் பணிந்து போனவராகவும் எழுதிவிடுகின்றனர். ஒருவர் வாசலில் நின்று வாதாடியதனால்தான் மற்றவர் மேடையில் நிற்க முடிந்தது. மேடையில் நின்றவர் அத்துணைச் சிறந்தவராக இருந்ததனால்தான் வாசலில் நின்றவரின் வாதம் எடுபட்டது.

1909இல் வாக்கர் நோயுற்றார். மேடையிலேயே சொற்கள் மறந்தன, நா குழறிற்று. அவர் விலகியதும் எய்டா தம் கணவரின் உடைகளையே அணிந்து, அவருடைய பாட்டையே பாடி, அவர் வேடத்தை ஏற்று ஆடினார். வாக்கர் மீளவில்லை. 1911ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். மூன்று ஆண்டுகளில் எய்டாவும் மறைந்தார். தனியாக நின்று வில்லியம்ஸ் நடத்திய அடுத்த நாடகம் தோல்வியுற்றது. பிராட்வேயில் கறுப்பினத்தவர் தாமே எழுதித் தாமே நடத்திய இசை நாடகங்களின் முதற்காலம் அத்துடன் முடிந்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்நிலையில் 1910ஆம் ஆண்டில் ஃப்ளோரென்ஸ் ஸீக்ஃபெல்ட் அவரைத் தம் ஃபாலீஸ் என்னும் ஆண்டுதோறும் நிகழும் பெரும் இசைக் காட்சிக்கு அழைத்தார். அழகிய நங்கையர், ஆடம்பரமான உடை, பெரும் பொருட்செலவு ஆகியவற்றிற்குப் பெயர்பெற்றது அது. அதில் கறுப்பினத்தவர் எவரும் அதுவரை முதன்மை இடம் பெற்றதில்லை. வெள்ளை நடிகர்கள் விலகிவிடுவதாக அச்சுறுத்தினர். உங்களுள் எவருக்கும் மாற்று உண்டு, அவருக்கு இல்லை என்னும் பொருளில் ஸீக்ஃபெல்ட் விடை கூறியதாகச் சொல்வர். எவரும் விலகவில்லை. வெள்ளைப் பெண்ணுடன் மேடையில் தனித்து நிற்க வேண்டியதில்லை என்றும், தென்மாநிலங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை என்றும் வில்லியம்ஸே ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற்றதாகவும் சொல்வர். எவ்விடத்தில் உயிருக்கு ஊறு நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஃபாலீஸ் மேடையில் அவர் கலை உச்சத்தை எட்டியது. 1911ஆம் ஆண்டில் லியான் எரால் என்னும் வெள்ளை நடிகருடன் அவர் ஆடிய காட்சியை அரங்க வரலாற்றாசிரியர் இன்றும் நினைவுகூர்வர். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையம் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. வில்லியம்ஸ் சிவப்புத் தொப்பி அணிந்த சுமைகூலி. எரால் வழிதெரியாத பயணி. அந்தரத்தில் நிற்கும் இரும்புச் சட்டங்களின்மேல், கயிற்றால் தம்மோடு பிணைத்து, பயணியை அவர் அழைத்துச் செல்வார். பயணி கால் இடறி விழும்போதெல்லாம் பொறுமையாக இழுத்து மேலேற்றுவார். தமக்குக் கிடைக்கப்போகும் கூலி ஐந்து சென்ட் என்பதை அறிந்த பின்னர், அடுத்த முறை கயிறு அவர் கையிலிருந்து நழுவிவிடும். மக்கள் விழுந்து விழுந்து நகைத்தனர். கறுப்பினக் கூலி ஒருவர் வெள்ளைப் பயணியைக் கைவிடும் காட்சி அது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ! பேராசிரியர் கூறிய எள்ளலின் இரண்டு வகைகளும் அக்கயிற்றின் இரு முனைகளிலும் கட்டப்பட்டிருந்தன.

மற்றொன்று அவருடைய சீட்டாட்ட ஊமைக்கூத்து. மேசை முன் அவர் தனியாக அமர்ந்திருப்பார். எதிரே எவருமில்லை, கையில் சீட்டுமில்லை. சீட்டைப் பிரிப்பது, எதிராளிகளை ஒவ்வொருவராக ஐயுறுவது, நல்ல சீட்டு வந்த மகிழ்ச்சியை மறைப்பது, துணிந்து பணம் வைப்பது, இறுதியில் தோற்பது ஆகிய அனைத்தும் கண்ணாலும் விரலாலும் மட்டுமே நிகழும். 1916ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய திரைப்படம் ஒன்றில் இது பதிவாகியுள்ளதால் நாமும் காண இயல்கிறது. மிகையே இல்லாத நடிப்பு. அத்துணை நுண்மையான முகத்தின்மேல் அத்துணைப் பருமையான கரி!

புகழும் பொருளும் பெருகின. அமெரிக்க மேடையில் மிகுந்த ஊதியம் பெற்றோருள் அவரும் ஒருவரானார். ஆனால் குழுவோடு வெளியூர் சென்றால் விடுதியின் முன்வாசல் அவருக்கு இல்லை. பின்புறத்து மின்தூக்கியில் ஏறிச் செல்ல வேண்டும். உடன் நடித்த எட்டி கேன்டர் என்னும் இளம் நடிகரிடம் இதனைப் பற்றிப் பேசியபோது, சற்றுமுன் கேட்ட கைதட்டல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிராவிட்டால் இது இவ்வளவு வலிக்காது என்னும் கருத்துப்படக் கூறினார். கறுப்பினத்தவராக இருப்பதில் இழிவு ஒன்றுமில்லை, ஆனால் அமெரிக்காவில் அது அடிக்கடி வசதிக்குறைவாக இருக்கிறது என 1918ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டார். வசதிக்குறைவு என்னும் அச்சிறு சொல்லில் அடங்கியுள்ள நகையை நோக்குக.

1919 ஆகஸ்டில் நியூயார்க் நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. அரங்குகள் மூடப்பட்டன. வில்லியம்ஸ் வழக்கம்போல் மாலையில் அரங்குக்கு வந்து, ஒப்பனை செய்துகொண்டு, உடையணிந்து, ஒப்பனை அறையைவிட்டு வெளியே வந்தார். அரங்கம் வெறுமையாக இருந்தது. வேலைநிறுத்தம் பற்றி எவரும் அவரிடம் சொல்லவில்லை. தாம் அவர்களைச் சேர்ந்தவர் அல்லர் என்று நண்பர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸிடம் அவர் இதனைக் கூறினார். இவ்வளவுக்கும் அக்குழுவில் அவர் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

தம் இனத்தாரிடமும் அவருக்குக் குறைகூறல் இருந்தது. வெள்ளையர் குழுவில் சேர்ந்து தம் மக்களின் நாடகத்தைக் கைவிட்டார் என்றும், கரி பூசி இனத்தை இழிவுபடுத்துகிறார் என்றும் கறுப்பின இதழ்கள் சில எழுதின. மறுபுறம் புக்கர் டி. வாஷிங்டன் போன்ற தலைவர்கள், வெள்ளையர் உள்ளத்தில் இடம்பிடித்த வகையில் அவர் தம் இனத்திற்குப் பெருந்தொண்டு செய்தார் எனப் போற்றினர். இரண்டும் முழு உண்மை ஆகா. கரி பூசியது குற்றமா என்னும் கேள்வியைவிட, கரி இல்லாமல் வர அவருக்கு எந்த அரங்கம் கதவு திறந்தது என்னும் கேள்வியே முதலில் கேட்கத்தக்கது.

கதவு திறக்கும் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்தது. நகைப்பூட்டுவது மட்டுமே தம்மால் இயலும் என்று அவர் கருதியதில்லை. தம் மக்களின் வாழ்வில் நகைக்கு அடியில் ஓடும் துயரத்தையும் சேர்த்து, முழு மனிதர் ஒருவரை மேடையில் காட்டும் நாடகம் ஒன்று தமக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்; அவ்வாறு காட்ட முடிந்தால் தம் இனம் நன்கு புரிந்துகொள்ளப்படும் என்றும், அக்கனவு ஒருநாள் பலிக்கலாம் என்றும் பேட்டியில் கூறினார். பலித்தது, ஆனால் அவருக்கு அன்று. 1920 நவம்பரில் யூஜின் ஓநீலின் எம்பரர் ஜோன்ஸ் நாடகத்தில் தலைமை வேடம் தாங்கிக் கரி பூசாத முகத்துடன் நின்றவர் சார்லஸ் கில்பின். ஒரு காலத்தில் வில்லியம்ஸ்-வாக்கர் குழுவில் பணியாற்றியவர். 1921 மே மாதத்தில் ஷஃபிள் அலாங் என்னும் இசை நாடகம் வெற்றிபெற்று, கறுப்பினத்தவர் எழுதி நடிக்கும் நாடகங்களைப் பிராட்வேக்கு மீண்டும் கொண்டுவந்தது. அவர் திறந்த வழியில் மற்றவர்கள் சென்றுகொண்டிருந்தனர். அவரோ, தம்மைத் தவிர அனைவரும் வெள்ளையராக இருந்த மற்றொரு குழுவில், சுமைகூலி வேடத்தில், கரி பூசியே நின்றார்.

அண்டர் தி பாம்பூ ட்ரீ என்னும் அந்நாடகம் அவரை நம்பியே நடந்தது. சிக்காகோவின் குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா கண்டது. தாம் விலகினால் குழுவினர் அனைவரும் வேலை இழப்பர் என்பதால் நடிப்பதை நிறுத்தவில்லை. 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் டெட்ராய்ட் நகரத்து மேடையில் சரிந்து விழுந்தார். முதன்முதலாக அவர் கரி பூசிக்கொண்ட ஊரும் அதுவே. விழுந்ததும் ஆட்டத்தின் பகுதியே என்று எண்ணி மக்கள் நகைத்தனர். ஒப்பனை அறைக்குத் தூக்கிச் சென்றபோது, தாம் மேடையைவிட்டுக் கடைசியாக நீங்கிய வேளையிலும் அவர்கள் நகைத்துக்கொண்டுதான் இருந்தனர் என அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

நியூயார்க்கிற்குக் கொண்டுவரப்பட்ட அவர் மார்ச் 4ஆம் நாள் தம் இல்லத்தில் காலமானார். அகவை 47. மனைவி லாட்டி உடனிருந்தார். ஹார்லத்தில் மக்கள் திரண்டு அஞ்சலி செலுத்தினர். எடின்பரோ சங்கத்தாரின் வேண்டுகோளுக்கிணங்க நியூயார்க்கின் வெள்ளையர் ஃப்ரீமேசன் சங்கம் ஒன்று அவருக்கு இறுதிச் சடங்கு செய்தது; கறுப்பினத்தவர் ஒருவருக்கு அதனை அச்சங்கத்தார் அதற்குமுன் செய்ததில்லை. பிராங்ஸ் பகுதியில் உள்ள வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1940இல் டியூக் எல்லிங்டன் அவர் நினைவாக ஓர் இசை ஓவியத்தைப் படைத்தார்.

1913ஆம் ஆண்டில் வில்லியம்ஸை நாயகராகக் கொண்டு கறுப்பின நடிகர்கள் பலர் நடிக்க எடுக்கப்பட்டு, முடிக்கப்படாமலே கிடப்பில் போடப்பட்ட திரைப்படம் ஒன்றின் சுருள்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவை ஒழுங்குசெய்யப்பட்டு 2014ஆம் ஆண்டில் மக்களுக்குக் காட்டப்பட்டன. இராட்டினத்தில் நாயகியோடு சுற்றுகிறார் வில்லியம்ஸ், கேக்வாக் ஆடுகிறார்கள், அவளை வீட்டுவாசல்வரை கொண்டுபோய் விட்டு முத்தமிடுகிறார். அன்றைய படங்களில் கறுப்பினத்தவர்க்குக் காதல் காட்சி என்பதே இல்லை. கூட நடித்த ஏனையோர் முகத்தில் கரி இல்லை. அவர் முகத்தில் மட்டும் இருக்கிறது.